முதியோர் இல்லத்தில் மாத்திரை மருந்து: கடற்கரை ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு வாரம் மூன்று நாள் போய், அங்கே இருக்கிறவர்களின் மாத்திரை டப்பாக்களைச் சரிபார்க்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை, பெரியபட்டினம் என்று பல ஊர்க்காரர்கள் அப்பா அம்மாவைப் பார்க்க வருவார்கள். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

அம்மாவை இல்லத்தில் சேர்க்கப்போகிறோம். மருந்து விஷயத்தில் முதல் வேலை என்ன?

வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள். எல்லாம் என்றால் எல்லாம். சாமி அலமாரியில் இருக்கிற கண் சொட்டு மருந்து, தலையணைக்கு அடியில் இருக்கிற தைலம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மூட்டுவலி மாத்திரை, வைத்தியர் கொடுத்த சூரணம், எதையும் விட வேண்டாம். 'டாக்டர் சீட்டு இருக்கிறதே, அது போதாதா?' என்பார்கள். போதாது. சீட்டில் ஏழு மருந்து இருக்கும், பையில் பதினான்கு இருக்கும்.

போன வருஷம் சேர்ந்த ஒரு பாம்பன் பெரியவர், விசைப்படகில் ஓடியவர். மகன் பையை மேஜையில் கவிழ்த்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று. ராமநாதபுரத்தில் தனியார் டாக்டர் எழுதிய வேறொரு பெயர் மாத்திரை ஒன்று. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தைப் படித்தால் அதுவும் அம்லோடிபின். மதுரையில் நெஞ்சுவலிக்குப் பார்த்தபோது எழுதிய கூட்டு மாத்திரைக்குள் மூன்றாவது அம்லோடிபின். மூன்றையும் தவறாமல் போட்டிருக்கிறார், ஒழுங்கான மனுஷர். அந்த மருந்து கணுக்காலை வீங்கவைக்கும், அதுவும் மூன்று மடங்கு அளவில். கால் வீங்கியதும் யாரோ நீர் மாத்திரை எழுதினார்கள். நீர் மாத்திரையால் ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்கிறார். ஒரு தடவை கொல்லைப்புறத்தில் விழுந்து இடுப்பில் அடி. அடிக்கு வலி மாத்திரை. வலி மாத்திரைக்கு வயிறு எரிய, அதற்கு ஒரு மாத்திரை. இத்தனைக்கும் தொடக்கம் அட்டையின் பின்புறத்தை யாரும் படிக்காதது.

மூன்று டாக்டரும் அவரவர் அளவில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் அது வந்த பிறகும் பழைய தனியார் மாத்திரையை நிறுத்தாமல் இரண்டையும் போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அரசு அட்டையில் மருந்தின் மூலப்பெயர் பெரிதாக இருக்கும், தனியார் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். பார்க்க இரண்டும் வேறு மருந்து போலத்தான் தெரியும்.

பையைக் கவிழ்த்த பிறகு ஒரே ஒரு பட்டியல் எழுதுங்கள். மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த டாக்டர், எதற்காக. 'எதற்காக' என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்காத மாத்திரையை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

மெடிக்கலில் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கிறார்கள். பரவாயில்லையா?

பத்து நாளுக்குத்தான் காசு இருக்கும், பத்து மாத்திரை வெட்டித் தருவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத பக்கம் உங்கள் கைக்கு வந்தால்தான் வம்பு. பெயர் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கடையிலேயே கவரில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாத வெள்ளை மாத்திரையை எங்கள் இல்லத்தில் வாங்கவே மாட்டோம். வெள்ளை வட்ட மாத்திரை உலகத்தில் ஆயிரம் இருக்கிறது.

சீட்டைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டுவாதத்துக்கும் தோல் நோய்க்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. தெரியாமல் தினமும் கொடுத்தால் வாய் முழுக்கப் புண் வந்து, ரத்த அணுக்கள் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். பட்டியலில் 'திங்கள் மட்டும்' என்று கிழமையைச் சிவப்பில் எழுதுங்கள்.

எத்தனை மாத்திரைக்கு மேல் போனால் அதிகம்?

ஐந்தைத் தாண்டினால் கவனம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இதயம் பலவீனமான ஒருவருக்கு எட்டும் தேவைப்படலாம், இன்னொருவருக்கு மூன்றில் ஒன்று வீணாக இருக்கலாம். வயது ஏற ஏற சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். அறுபது வயதில் ஒத்துக்கொண்ட அளவு எண்பதில் கூடுதலாகிவிடும்.

மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-இல், முதியோர் இல்லங்களில் இருக்கிறவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளை ஒரு பட்டியலாகப் போட்டார். இன்றும் புதுப்பித்துப் பயன்படுத்துகிறார்கள்; 2023-இல் ஒரு திருத்தம் வந்தது. நம் ஊரில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிற சிலவும் அதில் உண்டு: சுகருக்குக் கிளிபென்கிளமைடு, தூக்கத்துக்கு அல்பிரசோலம், சளிக்குக் குளோர்பெனிரமின். கடைசியாகச் சொன்னது சாதாரணச் சளி மாத்திரையில் இருக்கிற சமாச்சாரம். வயசானவர்களுக்கு அதனால் வாய் வறளும், மலம் கட்டும், சிறுநீர் அடைக்கும், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மகளையே 'நீ யாரு' என்று கேட்பார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலோடு டாக்டரிடம் போய், 'ஐயா, இதில் எதையாவது எடுத்துவிடலாமா?' என்று கேளுங்கள். புது மாத்திரை சேர்க்கச் சொல்லிக் கேட்க எல்லோருக்கும் வாய் வருகிறது, இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது. தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, அட்டெனோலால் மாதிரி இதயத்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை, இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

துபாயிலிருந்து தம்பி மருந்து அனுப்புகிறான். கொடுக்கலாமா?

கீழக்கரை, பனைக்குளம் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. பாசம் பார்சலில் வருகிறது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. பனடால் என்று வருவது நம் ஊர்ப் பாராசிட்டமால்தான். இங்கே காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதையும் உடம்பு வலிக்குச் சேர்த்தால், கூடவே ஒரு சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருந்தால், கணக்கு எங்கேயோ போய்விடும். மெலிந்த முதியவருக்கு ஒரு நாளில் 3 கிராமைத் தாண்டக் கூடாது, ஈரல் சரியில்லாதவருக்கு அதிலும் குறைவு. தம்பியிடம் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தைலம் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் அனுப்பட்டும், கண்ணில் படாமல் தேய்த்துக்கொள்ளட்டும்.

அப்பா கடல் தொழில் செய்தவர். மூட்டுவலிக்கு ஊசி போட்டால்தான் கேட்கிறது என்கிறார்.

வலை இழுத்த தோள், பனை ஏறிய முழங்கால். இங்கே வலி இல்லாத பெரியவர் யார்? டைக்ளோபினாக் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டால் சட்டென்று கேட்கும், அதனால்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அவர் டெல்மிசார்டனோ லோசார்டனோ மாதிரி பிரஷர் மாத்திரையும், அதோடு நீர் மாத்திரையும் போடுகிறவராக இருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். கத்திரி வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் இன்னும் வேகமாக. நம் பக்கம் குடிதண்ணீர் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிப் பழகியவர்கள். பெரியவர்கள் தண்ணீரையும் சிக்கனமாகத்தான் குடிக்கிறார்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த அன்றைக்கு, பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, சுகருக்குப் போடுகிற மெட்ஃபார்மின் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

வலிக்கு முதலில் பாராசிட்டமால், ஒத்தடம், மேலே பூசுகிற களிம்பு. ஊசி கேட்கிற பெரியவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டால் பாதி நாள் ஊசியை மறந்துவிடுகிறார், இது என் அனுபவம்.

சுகர் ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இறங்கினால்?

இல்லத்தில் நான் அதிகம் பயப்படுவது இறங்குவதற்குத்தான். ஏறினால் நாள்கணக்கில் கெடுக்கும், இறங்கினால் ஒரு ராத்திரியிலேயே ஆளைச் சாய்த்துவிடும். 70-க்குக் கீழே போனால் தாழ்வு. இளவயதுக்காரருக்கு வியர்க்கும், படபடக்கும், தெரிந்துவிடும். எண்பது வயதுக்காரர் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அல்லது காரணமில்லாமல் எரிந்து விழுவார். 'இன்னைக்குத் தாத்தா ஒரு மாதிரியா இருக்காரு' என்று ஆயா சொன்னால் முதலில் விரலில் குத்திச் சுகர் பார்க்க வேண்டும்.

ஆள் விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே 108. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை போடுகிறவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்து உடம்பில் இருக்கும்வரை மறுபடி இறங்கும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், பாலத்தைத் தாண்டி வர வேண்டும். 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்று உட்கார்ந்திருக்க நேரமில்லை.

எங்கள் இல்லத்தில், சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் இந்தச் சுகர் மாத்திரை கைக்கு வரும். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று தள்ளிவிட்டால் மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொண்டு டாக்டரைக் கேட்போம். உடல் தளர்ந்த முதியவருக்குச் சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை) 8 வாக்கில் இருந்தாலே பல டாக்டர்கள் போதும் என்கிறார்கள். 6-க்குள் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்க வேண்டாம்.

கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமா?

திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டிக்குள் உறையக் கூடாது. பயன்பாட்டில் இருக்கிறது 25, 30 டிகிரி வரைக்கும் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதுங்கள். மே மாதத்தில் நம் ஓட்டு வீட்டுக்குள் 30 எங்கே இருக்கிறது? பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் போட்டு, இன்சுலினைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்ளே வைத்து ஈரத்துணி போர்த்தினால் ஓரளவு குளிர்ந்திருக்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோதும், 2024 நவம்பரில் பாம்பனிலும் ராமேசுவரத்திலும் ஒரே நாளில் அப்படி மழை கொட்டியபோதும் இந்தப் பானைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐப்பசி பிறந்ததும் எல்லோருக்கும் இரண்டு வார மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

அதைவிடப் பெரிய தவறு சிரிஞ்சில் நடக்கிறது. இன்சுலின் பாட்டிலில் 40 என்றும் 100 என்றும் இரண்டு வகை இருக்கிறது, ஒரு மில்லியில் எத்தனை யூனிட் மருந்து என்ற கணக்கு அது. 40-க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டில் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் கட்டி வையுங்கள்.

கடல் காற்று ஈரத்துக்கு, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைக்க வேண்டாம். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் காடி வாசனை அடிக்கும். அடித்தால் தூக்கிப் போடுங்கள்.

விழுங்கச் சிரமப்படுகிறார். நுணுக்கிக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா?

சிலவற்றை நுணுக்கலாம், சிலவற்றைத் தொடவே கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர்., ரிடார்ட் என்று இருந்தால் அது நாள் முழுக்க மெதுவாகக் கரைகிற மாத்திரை. நுணுக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். பான்டோபிரசோல் மாதிரி மேல்பூச்சு உள்ளவற்றை நுணுக்கினால் வயிற்று அமிலத்திலேயே வீணாகும். தண்ணீர் மருந்தாகவோ வேறு வடிவத்திலோ கிடைக்குமா என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரை கஞ்சியோடு சேரவே கூடாது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியமும் இரும்புச்சத்தும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி.

மாத்திரையை ஒளித்து வைக்கிறார். திட்டியும் கேட்கவில்லை.

ஒரு பாட்டியின் சேலையைத் துவைக்கப் போட்டபோது முந்தானை முடிச்சில் பதினோரு மாத்திரை இருந்தது. பத்து ரூபாய்த் தாள் ஒன்று, வெற்றிலைக் காம்பு ஒன்று, அதோடு பதினோரு வெள்ளை மாத்திரை. எல்லாம் ராத்திரி நீர் மாத்திரை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, கன்னத்தில் ஒதுக்கி, ஆயா திரும்பியதும் முடிச்சுக்குள் போட்டிருக்கிறார். எல்லோரும் மறதி என்றார்கள். 'என்னத்தா, ஏன் போடல?' என்று கேட்டேன். 'ராவுல ஒண்ணுக்கு வருது. கக்கூஸ் அந்தக் கோடியில கெடக்கு. தரையெல்லாம் ஈரம். விழுந்தா யாரு தூக்குவா?' என்றார். மறதி எங்கே இருக்கிறது இதில்? டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றினோம். நடைபாதையில் ஒரு விளக்கும் போட்டோம். அதற்கப்புறம் முடிச்சில் வெற்றிலைக் காம்பு மட்டும்தான்.

சோற்றுக்குள் மறைத்துக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. ஒரு தடவை கண்டுபிடித்தால் சோற்றையும் நம்ப மாட்டார்கள்.

ராத்திரி கத்துகிறார், நடமாடுகிறார். தூக்க மாத்திரை கொடுத்து வைக்கலாமா?

முதலில் ஏன் கத்துகிறார் என்று பாருங்கள். மலம் கட்டியிருக்கும், சிறுநீர் முட்டியிருக்கும், பல்வலி இருக்கும், காது மெஷின் கழற்றி வைத்திருப்பார்கள், புது இடமாக இருக்கும். மறதி நோய் உள்ளவர்களை அடக்க மனநோய் மருந்துகள் கொடுப்பதில் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்தது. தவிர்க்க முடியாமல் தேவைப்படுவது உண்டு. அப்போதும் டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், எப்போது நிறுத்துவது என்ற தேதியோடு.

ஆள் பற்றாக்குறைக்காகத் தூங்க வைப்பது வேறு விஷயம். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலைத் தீயில் சங்கிலியோடு இருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தது நம் மாவட்டத்தில்தான். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. மாத்திரையால் கட்டுவது கண்ணுக்குத் தெரியாது. அம்மா பகலெல்லாம் தூங்கி வழிந்தால், எச்சில் ஒழுகினால், நடை தள்ளாடினால், பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

நோன்பு, அமாவாசை விரதம்?

நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து ஸஹர், இஃப்தார் நேரத்துக்கு மாத்திரையை மாற்றி எழுதி வாங்குங்கள். அடிக்கடி சுகர் இறங்குகிறவர், சிறுநீரகம் கெட்டவர் நோன்பு பிடிக்காமல் இருக்க மார்க்கத்தில் சலுகை உண்டு. நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள், ஹஜ்ரத் சொன்னால் கேட்பார்கள். ஆடி, தை அமாவாசையில் தேவிபட்டினம் கிளம்புகிறவர்கள் சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்க வேண்டாம்.

கருவாடு, கருப்பட்டி, நாட்டு மருந்து?

கருவாடு உப்பு மூட்டை. இதயம் பலவீனமானவருக்கு ஒரு விருந்தே மூச்சுத் திணறலில் முடியும். கருப்பட்டி சர்க்கரைதான், வேறு பேச்சு வேண்டாம். நாட்டு மருந்தை ஒளிக்காமல் பட்டியலில் எழுதுங்கள், அது போதும்.

ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அட்டையைப் பத்திரப்படுத்தி, பிரஷரும் சுகரும் பார்த்து, உடனே டாக்டருக்குப் போன். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதியலாம். இல்லத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்ற புகாருக்கு முதியோர் உதவி எண் 14567. கொடுத்த பெண்ணைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் மறைப்பாள். எங்கள் இல்லத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். இப்போது டப்பா மேல் பெயரோடு போட்டோவும் ஒட்டியிருக்கிறோம்.

பார்க்க வரும்போது என்ன கொண்டுவரலாம்?

பழம் வேண்டாம், ஏற்கனவே குவிந்து அழுகுகிறது. காது மெஷினுக்குப் பேட்டரி, வழுக்காத செருப்பு, உப்பு குறைத்து வைத்த மீன்குழம்பு. கண்ணாடியைத் துடைத்துக் கொடுங்கள். முடிந்தால் மாத்திரை நேரத்துக்கு வந்து, யார் எதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். காலை எட்டரைக்குக் கொடுப்போம். ராமேசுவரம் பஸ் வாசலில் எட்டு இருபதுக்கு நிற்கும்.